'ஸ்டூடன்ட்' என்ற பெயருக்குப் பின்னால் ஒரு பீர் ஆலைக்காரர்!

காலேஜ்ல புள்ளியியல் பேப்பர் எழுதியிருந்தா 'ஸ்டூடன்ட்ஸ் டி-டெஸ்ட்' ஞாபகம் இருக்கும். ஏதோ மாணவர்களுக்கான டெஸ்ட் போலன்னு நினைச்சுட்டு ஃபார்முலாவை மட்டும் மனப்பாடம் பண்ணியிருப்பீங்க. உண்மையில் 'ஸ்டூடன்ட்' என்பது ஒருவருடைய புனைபெயர். அவர் வில்லியம் சீலி கோசெட். அயர்லாந்தின் டப்ளினில், கின்னஸ் ஆலையில் பீர் தயாரித்தவர்.

1876-ல் இங்கிலாந்தின் கேன்டர்பரியில் பிறந்தார். ராணுவ இன்ஜினீயர் ஆக ஆசை, கண்பார்வை கைகொடுக்கவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் கணிதமும் வேதியியலும் படித்துவிட்டு, 1899-ல் கின்னஸில் சேர்ந்தார். 'கைராசி'யை நம்பி ஓடிய பீர் தொழிலை அறிவியலுக்கு மாற்ற, பட்டதாரிகளை அந்த நிறுவனம் தேடித்தேடி எடுத்துக்கொண்டிருந்த நேரம் அது.

பீர்ல அப்படி என்ன கணக்குன்னு கேட்கிறீங்களா? மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்தால் சர்க்கரை நீர் கிடைக்கும். அதில் ஒரு மிதவைக் கருவியை விட்டால், சர்க்கரை அதிகமுள்ள நீரில் உயரமாக மிதக்கும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன, கருவி கீழே இறங்கும். 1.050-ல் தொடங்கி 1.010-ல் நின்றால் ஆல்கஹால் சுமார் 5.25 சதவிகிதம். அந்தக் கடைசி எண்தான் 'ஃபைனல் கிராவிட்டி'.

கேட்க ஈஸி, அளக்கத்தான் கஷ்டம். கருவியில் நாலு குமிழி ஒட்டிக்கிட்டாலே அது மேலே எழும்பி, எண்ணைக் கூட்டிக் காட்டும். திரவம் சூடாக இருந்தா குறைச்சுக் காட்டும். சர்க்கரை மிச்சம் இருக்கும்போதே 'முடிஞ்சிருச்சு'ன்னு பாட்டில்ல அடைச்சா, உள்ளே வாயு சேர்ந்து பாட்டிலே வெடிக்கலாம். அதனாலதான் வீட்டிலேயே பீர் தயாரிக்க சட்டம் அனுமதிக்கிற நாடுகள்ல, ரெண்டு மூணு நாள் தொடர்ந்து அளந்து, எண் மாறலைன்னு உறுதியான பிறகே பாட்டிலைத் தொடுறாங்க.

ஒரு ரீடிங்கை நம்பக் கூடாது. சரி, எத்தனை ரீடிங் எடுத்தா நம்பலாம்? கோசெட்டைப் பிடித்துக்கொண்ட கேள்வி இதுதான். ஒவ்வொரு சோதனைக்கும் நேரமும் பணமும் செலவு. 1904-ல் ஆலைக்குள் ஓர் அறிக்கை எழுதினார். மால்ட்டின் சர்க்கரை அளவை இரண்டு முறை சோதித்து சராசரி எடுத்தால், அது உண்மை அளவுக்கு அரை டிகிரிக்குள் இருக்க ஐந்தில் நாலு வாய்ப்பு. நாலு முறை சோதித்தால், பதின்மூன்றில் பன்னிரண்டு!

ஆனால், அந்தக் கணக்கில் ஏதோ இடித்தது. அன்றைய புள்ளியியல் ஆயிரக்கணக்கான தகவல்களுக்காகவே உருவானது. இவர் கையில் இருந்ததோ நாலே நாலு. 1905-ல், விடுமுறையில் இருந்த புள்ளியியல் மேதை கார்ல் பியர்சனை சைக்கிள் மிதித்துப் போய்ப் பார்த்தார். அடுத்த ஆண்டே லண்டனில் பியர்சனின் ஆய்வகத்தில் போய் உட்கார்ந்தார்.

அங்கே அவர் செய்த வேலை சுவாரஸ்யம். 3,000 குற்றவாளிகளின் உயரமும் இடது நடுவிரல் நீளமும் பதிவான பட்டியலை எடுத்தார். அட்டைகளில் எழுதி, சீட்டுக்கட்டு மாதிரி குலுக்கி, நாலு நாலாகப் பிரித்தார். மொத்தம் 750 குட்டிக் குழுக்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், கையாலேயே நடத்திய சிமுலேஷன்! சின்ன மாதிரியில் சராசரி எவ்வளவு தூரம் விலகலாம் என்று அவர் கணித ரீதியாகப் போட்ட கணக்கை, இதை வைத்து சரிபார்த்தார்.

1908-ல் கட்டுரை வெளியானது, 'ஸ்டூடன்ட்' என்ற பெயரில். தொழில் ரகசியம் வெளியே போய்விடும் என்ற பயத்தில், ஊழியர்கள் சொந்தப் பெயரில் ஆய்வு வெளியிட கின்னஸ் அனுமதிக்கவில்லை. அந்தக் கட்டுரையை அப்போது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவும் இல்லை. பியர்சனுக்கே சின்ன மாதிரிகள் மீது பெரிய ஆர்வம் கிடையாது. நாலு வருஷம் கழித்து, ஆர்.ஏ.ஃபிஷர் என்ற கேம்பிரிட்ஜ் இளைஞர் அதற்கு முறையான நிரூபணம் எழுதி அனுப்பினார். கோசெட்டுக்கு அந்தக் கணிதம் பிடிபடவில்லை, பியர்சனுக்கு அனுப்பி வைத்துவிட்டார். தனக்குப் புரியவில்லை என்று ஒப்புக்கொள்ள அவர் கூச்சப்படவே இல்லை. எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது இதுதான். பின்னாளில் உலகம் முழுக்க டி-டெஸ்ட்டைக் கொண்டு சேர்த்தது அந்த ஃபிஷர்தான். இன்று ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று சோதிப்பவர்களும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

பியர்சனும் ஃபிஷரும் ஜென்ம விரோதிகள். கோசெட் இருவருக்குமே நண்பராக இருந்தார். மிச்ச நேரத்தில் தோட்டம் போட்டார், படகு செய்தார். கடைசிவரை பீர் ஆலையை விட்டுப் போகவில்லை. 1935-ல் லண்டனில் புதிதாக வந்த கின்னஸ் ஆலையைக் கவனிக்கப் போனார். 1937-ல் தலைமைத் தயாரிப்பாளர் பதவி வந்தது. அதே ஆண்டு அக்டோபரில், 61 வயதில் இறந்துபோனார்.

அவருக்கு ஃபிஷர் எழுதிய அஞ்சலிக் கட்டுரை 1939-ல் வந்தது. அதன் தலைப்பிலும் கோசெட் என்ற பெயர் இல்லை. 'ஸ்டூடன்ட்' என்று மட்டும்தான் இருந்தது.