அஸ்பியோர்ன் ஃபோலிங்: ஃபீனைல்கீட்டோனூரியாவைக் கண்டறிந்த மருத்துவர்

அஸ்பார்டேம் என்னும் செயற்கை இனிப்பூட்டி சேர்க்கப்பட்ட குளிர்பானப் புட்டிகளில், ஃபீனைல்கீட்டோனூரியா உள்ளவர்களுக்கு உகந்ததன்று என்னும் எச்சரிக்கை சிறிய எழுத்துகளில் அச்சிடப்பட்டிருக்கும். பெரும்பாலோர் அதனைப் படிப்பதில்லை. அந்நோயை முதன்முதலில் இனங்கண்டவர் நார்வே நாட்டு மருத்துவர் அஸ்பியோர்ன் ஃபோலிங்.

1888-ஆம் ஆண்டு, நார்வேயின் நடுப்பகுதியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் ஃபோலிங் பிறந்தார். முதலில் வேதியியலில் பட்டம் பெற்று, அதன் பின்னரே மருத்துவம் பயின்றார். இந்த வரிசை பின்னாளில் பெரும் பயன் தந்தது.

1934-இல் ஒரு தாய் தம் இரு குழந்தைகளுடன் அவரை நாடி வந்தார். மகளுக்கு ஆறு வயது. மகனுக்கு ஏறத்தாழ நான்கு. பிறந்தபோது நலமாகத் தோன்றிய இருவரும் கடும் மனவளர்ச்சிக் குறைபாட்டுக்கு ஆளாகியிருந்தனர். குழந்தைகளிடமிருந்து வீசிய விசித்திரமான வாடையைப் பற்றி அத்தாய் பல மருத்துவர்களிடம் கேட்டும் விடை கிடைக்கவில்லை. ஃபோலிங் அவர் கூறியதைப் புறந்தள்ளவில்லை. குழந்தைகளின் சிறுநீரில் ஃபெர்ரிக் குளோரைடு கரைசலைச் சேர்த்தார். வழக்கமான செம்பழுப்போ, கீட்டோன்களுக்குரிய ஊதாவோ தோன்றவில்லை. அடர்பச்சை நிறம் தோன்றிச் சில நிமிடங்களில் மறைந்தது. மருந்து ஏதேனும் காரணமோ என்று ஐயுற்று, ஒரு வாரம் எல்லா மருந்துகளையும் நிறுத்தச் சொன்னார். அப்போதும் பச்சையே வந்தது. தாய் மேலும் மேலும் கொண்டுவந்து கொடுத்த சிறுநீரிலிருந்து அப்பொருளைப் பிரித்தெடுத்து, அது ஃபீனைல்பைருவிக் அமிலம் என நிறுவினார். பின்னர்க் காப்பகங்களில் இருந்த 430 பேரைச் சோதித்து, மேலும் எட்டுப் பேரிடம் அதே நிறத்தைக் கண்டார். உடன்பிறந்தோரிடையே நோய் காணப்பட்டதால், இது பரம்பரையாக வருவது என்றும் உணர்ந்தார்.

புரதத்தில் உள்ள ஃபீனைல்அலனின் என்னும் அமினோ அமிலத்தைச் சிதைக்கும் கல்லீரல் நொதியின் குறைபாடே காரணம் எனப் பின்வந்தோர் நிறுவினர். அவ்வமிலம் குருதியில் தேங்கி, வளரும் மூளையைப் பாதிக்கிறது. 1950-களில் ஃபீனைல்அலனின் குறைத்த உணவுமுறை உருவாயிற்று. 1960-களின் தொடக்கத்தில் பச்சிளங்குழந்தையின் குதிகாலிலிருந்து எடுக்கும் சில துளிக் குருதியில் நோயறியும் சோதனை வந்தது. ஃபோலிங்கிடம் வந்த அந்த இரு குழந்தைகளுக்கும் இவை எட்டவில்லை. பிறந்த சில நாள்களிலேயே உணவுமுறையைத் தொடங்கினால் மூளைப் பாதிப்பைத் தடுக்கலாம். எனினும் இச்சோதனை நம் நாட்டில் எல்லா மருத்துவமனைகளிலும் நடைமுறையில் இல்லை. மகப்பேற்றின்போது பெற்றோர் கேட்டறிதல் நன்று.

ஃபோலிங் 1973-இல் காலமானார். அதற்குப் பத்தாண்டுகள் கழித்து, 1983-இல், அமெரிக்காவில் குளிர்பானங்களில் அஸ்பார்டேம் சேர்க்க அனுமதி வழங்கப்பட்டது. அஸ்பார்டேம் செரிக்கும்போது அதன் எடையில் ஏறத்தாழப் பாதியளவு ஃபீனைல்அலனினாக வெளிப்படுகிறது. பிறருக்கு இது பொருட்டன்று. ஒரு குவளைப் பாலில் இதனினும் மிகுதியான ஃபீனைல்அலனின் உண்டு. ஆனால் பால், முட்டை, இறைச்சி, பருப்பு ஆகியவற்றை அளந்தோ விலக்கியோ உண்ணும் ஒரு குழந்தைக்கு, சர்க்கரையற்றது எனக் கருதித் தரும் ஒரு புட்டி பானம் அன்றைய கணக்கையே குலைத்துவிடும். நீரிழிவு உள்ள தாத்தாவுக்கு வாங்கிய பானம் குழந்தையின் கைக்கு எட்டுவது வீடுகளில் இயல்பாக நேரக்கூடியதே.

இந்திய விதிகளின்படி அஸ்பார்டேம் உள்ள பொதிகளில் இவ்வெச்சரிக்கை கட்டாயம். பொருட்பட்டியலில் 951, 962 ஆகிய எண்களையும் பாருங்கள். இரண்டாவது, அஸ்பார்டேமும் அசிசல்ஃபேமும் இணைந்த உப்பு. சாக்கரின், சுக்ரலோஸ், ஸ்டீவியா ஆகியவற்றில் ஃபீனைல்அலனின் இல்லை. சூயிங்கம், மென்று விழுங்கும் மாத்திரைகள், இனிப்பான மருந்துக் கரைசல்கள் ஆகியவற்றிலும் அஸ்பார்டேம் இருக்கக்கூடும். ஆதலால் எந்த மருத்துவரைக் காணச் சென்றாலும் நோயின் பெயரை முதலிலேயே தெரிவியுங்கள். இக்குறைபாடுள்ள பெண்கள் கருத்தரிக்கத் திட்டமிடும்போதே உணவுக் கட்டுப்பாட்டை உறுதிசெய்துகொள்ள வேண்டும். தாயின் குருதியில் மிகும் ஃபீனைல்அலனின், நோயற்ற கருவையும் பாதிக்கும்.