தவளைப் பேரினத்தில் நிலைத்த பெங்களூரு பேராசிரியரின் பெயர்

தென்னிந்தியத் தவளைகளை ஆராய்ந்த முன்னோடி விலங்கியலாளர் சி.ஆர்.நாராயண ராவ், 1882-இல் கோவையில் பிறந்தார். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்ற அவர், பெங்களூரு சென்ட்ரல் கல்லூரியில் விலங்கியல் பேராசிரியராகப் பணியாற்றினார். 1932-இல் தொடங்கப்பட்ட 'கரண்ட் சயின்ஸ்' அறிவியல் இதழின் முதல் ஆசிரியரும் அவரே.

மேற்குத் தொடர்ச்சி மலையின் புதிய தவளை இனங்கள் பலவற்றை 1937-இல் அவர் விவரித்தார். ஆனால், அவற்றுக்குச் சான்றாகக் கல்லூரியில் வைக்கப்பட்டிருந்த மாதிரிகள் பின்னாளில் தொலைந்துபோயின. அதனால், அவர் பெயரிட்ட இனங்கள் சிலவற்றை அடையாளம் காண்பது ஆய்வாளர்களுக்குக் கடினமானது. 1960-இல் அவர் காலமானார்.

தலைப்பிரட்டைப் பருவமின்றி முட்டையிலிருந்து நேரடியாகக் குட்டித் தவளையாக வெளிவரும் புதர்த் தவளைகள், பரிணாம வரலாற்றில் தனிக் கிளை என்பதை மரபணு ஒப்பீடு காட்டியது. 2010-இல் அவற்றைத் தனிப் பேரினமாக வகுத்த ஆய்வாளர்கள், ராவின் நினைவாக அதற்கு 'ராவோர்கெஸ்டிஸ்' எனப் பெயர் சூட்டினர்.