பேராசிரியர் க. கைலாசபதி (1933 – 1982): பழந்தமிழர் சமூகத்தை ஆராய்ந்த அறிஞர்



யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தலைவர் யார் என்று கேட்டால் கைலாசபதி என்று உடனே எழுதிவிடுவீர்கள். அது 1974 இல் வளாகமாக ஆரம்பிக்கப்பட்டபோது தலைவராக இருந்தவர் அவர் என்பது உண்மையே. ஆனால் அந்த ஒரு வரியோடு விடையை நிறுத்திவிடாதீர்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழர் சமூகத்தை எவ்வாறு ஆராய வேண்டும் என்பதற்கு ஒரு புதிய வழியைக் காட்டியவர் அவர். அந்த வழியை விளங்கிக்கொண்டால் வரலாற்றுப் பாடத்துக்கும் தமிழ் இலக்கியப் பாடத்துக்கும் ஒருங்கே பயன் கிடைக்கும்.

இளமையும் கல்வியும்

கனகசபாபதி கைலாசபதி 1933 ஏப்ரல் 5 ஆம் திகதி மலாயாவின் கோலாலம்பூரில் பிறந்தார். அக்காலத்தில் யாழ்ப்பாணத்தவர் பலர் மலாயாவில் உத்தியோகம் பார்த்தனர் என்பதை அறிவீர்கள். இரண்டாம் உலகப் போரின் பின்னர் இலங்கைக்கு வந்த அவர் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் பின்பு கொழும்பு றோயல் கல்லூரியிலும் கற்றார். அடுத்துப் பேராதனையில் இலங்கைப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். அங்கு பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை, வி. செல்வநாயகம், சு. வித்தியானந்தன் ஆகியோரிடம் பயின்று, 1957 இல் தமிழ்ச் சிறப்புப் பட்டத்தில் முதலாம் வகுப்பிற் சித்தியடைந்தார்.

பத்திரிகையிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு

பட்டம் பெற்றதும் அவர் தினகரன் பத்திரிகையிற் சேர்ந்தார். 1959 இல் அதன் ஆசிரியரானார். அப்போது அவருக்கு வயது 26 மட்டுமே. ஈழத்து எழுத்தாளர் பலருக்கு அவர் காலத்துத் தினகரன் களம் அமைத்துக் கொடுத்தது. அந்தப் பதவியில் நிலைத்திருந்தால் செல்வாக்கோடு வாழ்ந்திருக்கலாம். ஆயினும் 1961 இல் அதனை விட்டுப் பல்கலைக்கழக உதவி விரிவுரையாளரானார். ஆராய்ச்சியே தமது வழி என அவர் தெரிந்துகொண்ட கட்டம் இதுவாகும்.

பேர்மிங்காம் ஆய்வு

மேற்படிப்புக்காக இங்கிலாந்தின் பேர்மிங்காம் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கு அவருக்கு வழிகாட்டியவர் பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சன். தொம்சன் தமிழறிஞர் அல்லர். அவர் கிரேக்க மொழிப் பேராசிரியர். பண்டைய கிரேக்கச் சமூகத்தை மார்க்சிய நோக்கில் ஆராய்ந்தவர். தமிழ் மாணவர் ஒருவர் கிரேக்க அறிஞரிடம் ஏன் சென்றார் என்று நீங்கள் கேட்கலாம். பழந்தமிழரை மட்டும் தனியே பார்த்தால் அவர்களிடம் காணப்படும் எல்லாமே உலகில் வேறெங்கும் இல்லாதவை போலத் தோன்றும். பிற பண்டைய சமூகங்களோடு ஒப்பிட்டால்தான் எவை பொதுவானவை, எவை தமிழருக்கே உரியவை என்பது தெளிவாகும். இதனையே ஒப்பியல் ஆய்வு என்கிறோம்.

அவருடைய கலாநிதிப் பட்ட ஆய்வேடு தமிழ் வீரயுகப் பாடல்கள் பற்றியது. 1968 இல் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தின் கிளறென்டன் அச்சகம் அதனை ஆங்கில நூலாக வெளியிட்டது.

ஆய்வின் முறையும் முடிவும்

ஹோமரின் இலியட், ஒடிசி ஆகிய காவியங்களில் ஒரேவகையான தொடர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. மில்மன் பரி என்ற அமெரிக்க அறிஞர், இவை வாய்மொழிப் பாடகர்களின் பாடும் முறையால் வந்தவை என்று விளக்கினார். 1933 – 1935 காலத்தில் யூகோஸ்லாவியாவின் நாட்டுப்புறப் பாடகர்களைக் கேட்டு அதற்குச் சான்று திரட்டினார். அவருடைய மாணவர் அல்பேட் லோட் அந்தப் பணியைத் தொடர்ந்தார். இந்த முறையைக் கைலாசபதி சங்கப் பாடல்களுக்குப் பொருத்திப் பார்த்தார். பாணர், பொருநர், விறலியர், புலவர் ஆகியோரைக் கிரேக்க, அயர்லாந்து, வேல்ஸ் நாட்டுப் பாடகர்களோடு ஒப்பிட்டார்.

இதை ஓர் உதாரணத்தால் விளங்கிக்கொள்வோம். புறநானூற்றில் 400 பாடல்கள் உள்ளன. அவற்றில் ஓர் அரசன் யானையும் தேரும் வாரி வழங்கினான் எனப் பாடப்படுகிறான். வேறொரு புலவர் வேறோர் அரசனையும் அவ்வாறே பாடுகிறார். அப்படியாயின் அந்தப் புகழ்ச்சியைக் கொண்டு ஓர் அரசனுடைய தனிக்குணத்தை நிறுவ முடியுமா? முடியாது. ஆனால் வேறொன்றை நிறுவலாம். பாடுவோருக்கு உணவும் பரிசிலும் வேண்டியிருந்தன. அரசனுக்குப் புகழ் வேண்டியிருந்தது. இந்தக் கொடுக்கல் வாங்கல் மீதே அப்பாடல் மரபு வளர்ந்தது. பத்துப்பாட்டில் 5 பாடல்கள் ஆற்றுப்படைகளாக இருப்பதையும் இங்கு சிந்தியுங்கள். சங்க காலத்தைக் குறையே இல்லாத பொற்காலம் என்று பலர் போற்றிய வேளையில், போரும் வறுமையும் ஏற்றத்தாழ்வும் நிறைந்த ஒரு சமூகமாக அதனைக் காட்டத் துணிந்தார் கைலாசபதி.

மாற்றுக் கருத்துகள்

அவருடைய முடிவுகளை எல்லோரும் ஏற்கவில்லை. சங்கப் பாடல்கள் கற்றறிந்த புலவர் திட்டமிட்டு இயற்றியவை என்றும், அக்காலத்தில் எழுத்து வழக்கில் இருந்தது என்றும் சிலர் வாதிட்டனர். தமிழ்நாட்டில் கொடுமணல் போன்ற இடங்களில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த மட்பாண்டத் துண்டுகள் கிடைத்துள்ளன. நமது ஆனைக்கோட்டையிலும் 1980 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் நடத்திய அகழ்வில் பிராமி எழுத்துள்ள முத்திரை ஒன்று கிடைத்தது. எனினும் எழுத்து இருந்த சமூகத்தில் பாடல்கள் வாய்மொழியாகவும் வழங்கியிருக்கலாம் அல்லவா? எனவே விவாதம் முடிந்துவிடவில்லை. விடை எழுதும்போது இரு பக்கத்தையும் குறிப்பிட்டால் கூடுதல் புள்ளி பெறலாம்.

யாழ்ப்பாண வளாகம்

நாடு திரும்பிய கைலாசபதி கொழும்பிலும் வித்தியாலங்காரவிலும் கற்பித்தார். 1974 ஒக்டோபரில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் திருநெல்வேலியில், பரமேஸ்வராக் கல்லூரி இருந்த இடத்தில் ஆரம்பமானது. விஞ்ஞானப் பிரிவு வட்டுக்கோட்டையில் இயங்கியது. 41 வயதில் வளாகத் தலைவரான கைலாசபதி 1977 வரை அப்பொறுப்பை வகித்தார். கட்டடமும் நூல்களும் ஆசிரியரும் போதாத நிலையில் அதனைக் கட்டியெழுப்பினார். 1979 இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. தலைமைப் பதவி நீங்கிய பின்பும் அவர் அங்கேயே பேராசிரியராகக் கற்பித்தார்.

1982 டிசெம்பர் 6 ஆம் திகதி நோயினால் காலமானார். அப்போது அவருக்கு 49 வயது. பண்டைத்தமிழர் வாழ்வும் வழிபாடும், தமிழ் நாவல் இலக்கியம், ஒப்பியல் இலக்கியம், அடியும் முடியும் முதலிய நூல்கள் அவர் நமக்கு விட்டுச் சென்றவை.

நினைவிற் கொள்க

1. பழைய பாடல் வரலாற்றுச் சான்றாகும். ஆனால் அது எதற்குச் சான்று என்பதை ஆராய்ந்தே கூற வேண்டும்.
2. ஒப்பிடுவது நமது பெருமையைக் குறைப்பதற்கன்று, நம்மை அறிந்துகொள்வதற்கே.

பயிற்சி வினாக்கள்

1. கைலாசபதி சங்கப் பாடல்களைக் கிரேக்கக் காவியங்களோடு ஒப்பிட்டதற்கான காரணம் யாது?
2. அவரது கருத்துக்கு எழுந்த மறுப்பு ஒன்றினையும் அதற்கான சான்றினையும் தருக.
3. உங்கள் ஊரில் வழங்கும் தாலாட்டு அல்லது ஒப்பாரிப் பாடல்கள் இரண்டினைக் கேட்டு, அவற்றில் திரும்ப வரும் தொடர்களை எழுதுக.

மூன்றாம் வினாவுக்கான விடை எந்தப் புத்தகத்திலும் இல்லை. வீட்டிலுள்ள அம்மம்மாவிடமோ அப்பம்மாவிடமோ கேட்டு எழுதுங்கள். நீங்கள் செய்யும் முதலாவது ஆய்வாக அது அமையட்டும்.