இயற்கை அன்பர் மா. கிருஷ்ணன்

ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்ப் பருவம் என்று நம் முன்னோர் வகுத்தனர். நாம் வாழும் பெங்களூரில் அப்பருவம் வந்ததும் நாம் கம்பளியைத் தேடுகிறோம். அதே நாட்களில் இமயத்துக்கு அப்பாலிருந்து புறப்பட்ட விருந்தினர் சிலர் ஓசையின்றி இவ்வூருக்கு வந்து சேர்கின்றனர். எஞ்சியுள்ள ஏரிகளில் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகு வாத்தும் இறங்குகின்றன. மின்கம்பிகளில் தகைவிலான்கள் வரிசையாய் அமர்கின்றன. நீரோரத்தில் வாலாட்டிக் குருவி ஓடித் திரிகின்றது. இத்தகைய உயிர்களைப் பொறுமையுடன் பார்ப்பதையும், பார்த்ததைப் படமாகவும் எழுத்தாகவும் பதிவதையும் வாழ்நாள் பணியாகக் கொண்ட தமிழர் ஒருவர் இருந்தார். அவரே மா. கிருஷ்ணன்.

கிருஷ்ணன் 1912ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் திருநெல்வேலியில், எட்டுக் குழந்தைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தார். தந்தையார் அ. மாதவையா, பத்மாவதி சரித்திரம் என்னும் நாவலை இயற்றிப் புகழ் பெற்றவர். சர்க்கார் உத்தியோகம் பார்த்துக்கொண்டே தமிழுக்கும் சமூகச் சீர்திருத்தத்துக்கும் உழைத்தவர். 1925ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தில், பட்ட வகுப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசி அமர்ந்த அப்பெரியார் அங்கேயே உயிர் நீத்தார். கிருஷ்ணனுக்கு அப்போது வயது பதின்மூன்று.

அந்நாளைய மயிலாப்பூர் இன்றைய மயிலாப்பூர் அன்று. புதர்க்காடுகள் மிகுந்து, நரிகளும் உலவிய இடம் அது. அங்கே கீரிப்பிள்ளை ஒன்றை வளர்த்துக்கொண்டு, பறவைகளின் பின்னே அலைந்து வளர்ந்தார் சிறுவர். 1927இல் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே பைசன் என்னும் ஆங்கிலப் பேராசிரியர் தாவரவியல் கற்பித்தார். நீலகிரி, பழனி மலைகளின் செடி கொடிகளை ஆராய்ந்து நூல் எழுதிய அறிஞர் அவர். ஆசிரியரோடு மலைகளுக்குச் சென்று செடிகளை இனங்காணக் கற்றார் மாணவர்; ஆசிரியரின் மனைவியாரிடம் வர்ண ஓவியமும் பயின்றார். பின்னர்த் தாவரவியலில் முதுகலைப் பட்டமும் சட்டப் பட்டமும் பெற்றார்.

ஆயினும் பட்டங்கள் அவருக்குப் பதவியைத் தேடித் தரவில்லை. தமையனார் அனந்தநாராயணன் ஐ.சி.எஸ். தேறிச் சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக உயர்ந்தார். தம்பியோ சித்திரம் வரைந்தும், பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதியும், சிறு வேலைகள் சில பார்த்தும் காலம் தள்ளினார். மாதச் சம்பளத்தை நம்பிக் குடும்பம் நடத்தும் நம்மனோர்க்கு இது எத்துணைக் கடினமான வாழ்வென்று எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

1942ஆம் ஆண்டில் அவர் வாழ்வு திசை திரும்பிற்று. பல்லாரி ஜில்லாவுக்குள் அமைந்திருந்த சண்டூர் என்னும் சிறு சமஸ்தானத்தின் மகாராஜா அவரை வேலைக்கு அழைத்துக்கொண்டார். இன்று கர்நாடகத்தில் அடங்கிய ஊர் அது. அங்கே அவர் பள்ளி ஆசிரியராக இருந்தார், நீதிபதியாக இருந்தார், விளம்பர அதிகாரியாகவும், மகாராஜாவின் அரசியல் காரியதரிசியாகவும் இருந்தார். ஆனால் அவரை உருவாக்கியவை அப்பதவிகள் அல்ல. ஓய்வு கிடைத்த போதெல்லாம் குன்றுகளிலும் காடுகளிலும் அலைந்தார். ஆடு மேய்த்தார், கடிதம் கொண்டு செல்லும் புறாக்களை வளர்த்தார். எந்தப் பறவை எந்த மரத்தில் தங்கும், எந்த மிருகம் எந்த வேளையில் நீருண்ண வரும் என்பதையெல்லாம் நூலில் படித்தறியாமல் நேரில் கண்டறிந்தார்.

நம் சங்கத்து அன்பர்கள் சிறப்பாகக் கருத வேண்டியது இதுவே. சண்டூர் அவருக்குப் பிறந்த மண் அன்று. தாய்மொழி வழங்கிய நாடும் அன்று. பிழைப்பை நாடிச் சென்ற இடமே. இருப்பினும் அதை அவர் வெறும் பிழைப்பிடமாகக் கருதினாரில்லை. அதன் கல்லையும் புல்லையும், ஊர்வனவற்றையும் பறப்பனவற்றையும் பெயர் சொல்லி அறிந்தார். ஒரு மண்ணை நமதென்று சொல்லிக்கொள்ள நிலப்பத்திரம் ஒன்றே வழியன்று. அம்மண்ணின் உயிர்களை அறிவதும் ஒரு வழி என்பதை அவருடைய அந்த ஏழாண்டு வாழ்வு காட்டுகின்றது.

1949இல் சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்தது. கிருஷ்ணன் சென்னைக்குத் திரும்பினார். அதன் பின் அவர் எந்த உத்தியோகத்துக்கும் போகாமல், எழுத்தையும் புகைப்படத்தையும் மட்டுமே நம்பி வாழத் துணிந்தார். 1950இல் கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் கன்ட்ரி நோட்புக் என்னும் பகுதியைத் தொடங்கினார். அப்பகுதி நாற்பத்தாறு ஆண்டுகள் நடந்தது. புலியும் யானையும் மட்டும் அதில் இடம் பெறவில்லை. காக்கை, அணில், மைனா, தேரை முதலாக நம் கொல்லைப்புறத்து உயிர்களும் அங்கே மதிப்புடன் வரவேற்கப்பட்டன. அரிய விலங்கைக் காண அடர்ந்த காட்டுக்குத்தான் செல்ல வேண்டும் என்று எண்ணுவோர்க்கு, அவர் எழுத்து வீட்டு வாசலையே காடாக்கிக் காட்டிற்று.

புகைப்படத் துறையில் அவர் வழி தனி வழி. பல கேமராக்களின் உறுப்புக்களை ஒன்று சேர்த்துத் தாமே பெரிய கருவி ஒன்றை அமைத்துக்கொண்டார். அதன் கனத்தைத் தாமே கேலி செய்வதுபோல் அதற்குச் சூப்பர் பாண்டரோசா என்று பெயரும் இட்டார். அதைச் சுமந்துகொண்டு காட்டில் கால்நடையாகவும் யானை மீது அமர்ந்தும் சென்றார். வர்ணப் படம் எங்கும் பரவிய பின்னும் கறுப்பு வெள்ளையை அவர் விடவில்லை. ஒளியும் நிழலும் சேர்ந்து ஒரு பிராணியின் உருவத்தையும் அது வாழும் சூழலையும் உள்ளபடி காட்டுவதையே விரும்பினார். ஃபிலிம் சுருள் விலை மிகுந்த அந்நாளில் ஒவ்வொரு படமும் காத்திருந்து எடுத்ததேயாகும். இன்று கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு கூட்டின் அருகே போய்க் குஞ்சுகளையும் தாயையும் கலங்க வைப்போர் உளர். படத்துக்கு முன்னே பார்வை வேண்டும், பார்வைக்கு முன்னே பொறுமை வேண்டும் என்பதை அன்னோர் இவருடைய வாழ்விலிருந்து கற்கலாம்.

1968 முதல் 1970 வரை ஜவாஹர்லால் நேரு ஆய்வு நிதியின் உதவி பெற்றுத் தென்னிந்தியக் காடுகளின் பெரிய விலங்குகளை ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சியைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975இல் நூலாக வெளியிட்டது. இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது. ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் அமைப்பு 1995இல் உலகச் சான்றோர் ஐந்நூற்றுவர் வரிசையில் அவரைச் சேர்த்தது. ஆங்கிலத்தில் புகழ் பெற்ற போதும் தந்தையின் மொழியை அவர் மறந்தாரில்லை. தமிழிலும் பறவைகளையும் விலங்குகளையும் பற்றி எழுதினார். அக்கட்டுரைகள் அவர் மறைவுக்குப் பின் மழைக்காலமும் குயிலோசையும் என்னும் நூலாக வந்துள்ளன. கூதிர் கால மாலையில் குடும்பத்தோடு படிக்கத் தக்க நூல் அது.

அவர் ஓயாது வற்புறுத்திய கருத்து ஒன்றுண்டு. சாலையிலும் தோட்டத்திலும் அந்நிய நாட்டு மரங்களை நட்டு, நாட்டு மரங்களைப் புறக்கணிக்கலாகாது என்பது அது. மடகாஸ்கரிலிருந்து வந்த குல்மோகரும், தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஜகரந்தாவும் பூத்துக் குலுங்கும் இந்நகரில் இக்கருத்து சற்றுக் கடுமையாகவே ஒலிக்கும். நாமும் வெளியிலிருந்து வந்தவர்தாமே என்று கேட்பாரும் இருக்கலாம். மரத்துக்கு இடம்விட்டு நகரும் கால் இல்லை. அயல் மண்ணைக் கற்றுக்கொள்ளும் அறிவும் இல்லை. மனிதனுக்கு இரண்டும் உண்டு. வந்த இடத்தின் இயல்பை அழிக்காமல் அதைக் கற்று அதற்கு உறவாக முடியும் என்பதற்குச் சண்டூர்க் கிருஷ்ணனே சாட்சி. அவர் நடந்து திரிந்த அக்குன்றுகளைப் பிற்காலத்தில் இரும்புத் தாதுவுக்காகப் பெருமளவில் தோண்டினர் என்பதை எண்ணும்போது நெஞ்சு வருந்துகின்றது. அறியாத ஒன்றை அழிப்பது எளிது. அறிந்ததை அழிக்கக் கை கூசும்.

1996ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் கிருஷ்ணன் சென்னையில் காலமானார். அவருடைய படங்களும் எழுத்துக்களும் அடங்கிய பெருநூல் ஒன்று 2006இல் வெளிவந்தது. அதைத் தொகுத்தோரில் ஒருவர், பெங்களூரில் வாழ்ந்து 2017இல் மறைந்த புகழ்பெற்ற வனவிலங்குப் புகைப்படக் கலைஞர் டி.என்.ஏ. பெருமாள். அவ்வகையில் இந்நகரத் தமிழர் ஒருவரின் கையும் அப்பணியில் சேர்ந்திருப்பது நமக்குப் பெருமை.

ஆண்டு விழாவுக்கு அடுத்த ஞாயிறு, குழந்தைகளை அழைத்துக்கொண்டு அருகிலுள்ள ஏரிக்கரைக்குச் செல்லுங்கள். கேமரா இருப்பினும் நன்று, இல்லாவிடினும் குறையில்லை. கரையில் ஓடும் சிறு குருவியைக் காட்டி, அது வாலாட்டி என்று தமிழில் சொல்லுங்கள். அதைக் கன்னடத்தில் எவ்வாறு அழைக்கின்றனர் என்று அண்டை வீட்டாரைக் கேட்டு அதையும் கற்பியுங்கள். அப்பெரியாருக்கு நாம் செய்யத்தக்க அஞ்சலி அதுவே.