எஞ்சினைத் துயிலெழுப்பிய கெட்டரிங்

ஓடுகின்ற மோட்டார் வண்டியைக் கண்டு வியப்போர் பலர். நின்ற வண்டி எங்ஙனம் ஓடத் தொடங்கிற்று என்பதை எண்ணுவோர் சிலர். எஞ்சின் தன்னைத் தானே தொடங்கிக்கொள்ளும் ஆற்றலுடையதன்று. பிறிதொரு விசை முதலில் அதனைச் சுழற்றவேண்டும். சுழன்ற பின்னரே பெட்ரோல் ஆவியும் காற்றும் உள்ளே புகுந்து, பொறிபட்டு எரிந்து, வண்டியை இயக்கும். அம்முதற் சுழற்சியை மனிதர் கையினின்றும் நீக்கி மின்சாரத்தினிடம் ஒப்படைத்தவர் அமெரிக்க அறிஞராகிய சார்லஸ் கெட்டரிங் ஆவர். அவர்தம் வாழ்க்கையை ஈண்டுச் சுருக்கி உரைக்கப் புகுகின்றோம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வண்டியின் முன்புறத்தே இரும்புக் கைப்பிடி ஒன்றைச் செருகி, வலிமை கொண்ட மட்டும் சுழற்றியே எஞ்சினை எழுப்பினர். பொறி உரிய காலத்திற்கு முன்னரே பட்டுவிடின் எஞ்சின் எதிர்த்திசையிற் சுழன்று கைப்பிடியை உதறும். அவ்வுதறலால் மணிக்கட்டு முறிந்தோரும் தாடை உடைந்தோரும் உண்டு. குளிர்நாடுகளில் இத்துன்பம் பின்னும் பெருகிற்று. கடுங்குளிரில் எஞ்சினுள் இருக்கும் எண்ணெய் பாகுபோல் இறுகிச் சுழற்சியைத் தடுக்கும். பெட்ரோலும் எளிதில் ஆவியாகாது. ஆதலின் இரவில் எண்ணெயையும் ரேடியேட்டர் நீரையும் வடித்தெடுத்து வைத்துக் காலையில் அடுப்பேற்றிச் சூடாக்கி மீண்டும் ஊற்றுவோரும் இருந்தனர்.

கெட்டரிங் 1876ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 29ஆம் நாள், ஒஹையோ மாகாணத்து லௌடன்வில் என்னும் ஊரின் அருகே ஓர் உழவர் குடியிற் பிறந்தார். இளமை தொட்டே அவர் கண்கள் வலிவற்றவை. சிறிது நேரம் படிப்பினும் தலைநோவு வருத்தும். கிராமப் பள்ளி ஆசிரியராகச் சில காலம் தொண்டாற்றிய பின்னர்க் கல்லூரி புகுந்தார். ஆயினும் கண்ணோய் மிக்கமையால் படிப்பை விடுத்து வெளியேற நேர்ந்தது. மனம் தளராது, தொலைபேசிக் கம்பி அமைக்கும் கூட்டத்தாருடன் சேர்ந்து உழைத்தார். கம்பமேறிக் கற்ற மின்சார அறிவு ஏட்டிற் கற்றதினும் அவருக்குப் பின்னாளில் உதவிற்று எனலாம். மீண்டும் ஒஹையோ மாகாணப் பல்கலைக்கழகம் சென்று 1904இல் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது 27. பிறர் தொழிலில் வேரூன்றிய பருவத்தில் அவர் அப்போதுதான் தொடங்கினார்.

அவ்வாண்டே டேட்டன் நகரத்து நாஷனல் காஷ் ரெஜிஸ்டர் கம்பெனியில் அமர்ந்தார். கடைகளில் வரவைக் கணக்கிட்டுப் பதியும் பெட்டியை அதுகாறும் கையாலேயே இயக்கினர். அதனை மின்சாரத்தால் இயக்கும் பணி அவரிடம் விடப்பட்டது. சிறிய பெட்டிக்குள் பெரிய மோட்டார் அடங்குவது எங்ஙனம்? கெட்டரிங் ஓர் உண்மையைக் கண்டார். அம்மோட்டார் நாள் முழுதும் சுழலவேண்டுவதில்லை. ஒரு நொடி உழைத்து ஓய்ந்தால் அமையும். ஒரு நொடிக்கு மட்டும் எனின், சிறிய மோட்டாரும் தன் அளவிற்கு மீறிய மின்சாரத்தைத் தாங்கிப் பெருவலி காட்டவல்லது. இவ்வொரு கருத்தே அவர் புகழுக்கெல்லாம் வித்தாயிற்று.

1909இல் தம் நண்பர் எட்வர்ட் டீட்ஸ் என்பாருடன் கூடி டெல்கோ என்னும் கம்பெனியை நிறுவினார். டீட்ஸ் வீட்டுக் கொட்டிலே அவர்களுக்கு ஆராய்ச்சிக்கூடம். காடிலாக் கம்பெனித் தலைவர் ஹென்றி லேலண்ட், கைப்பிடியின் கொடுமையை ஒழிக்க விரும்பி இவர்களை நாடினார். எஞ்சினைச் சுழற்றும் மோட்டார் எஞ்சினளவு பருத்திருத்தல் வேண்டும். அதனை வண்டியில் ஏற்றல் இயலாது என்பது வல்லுநர் பலரின் துணிபு. கெட்டரிங்கோ பணப்பெட்டியை மறந்திலர். எஞ்சினும் சில நொடி சுழற்றப்பட்டால் போதும். பின்னர்த் தானே ஓடும். ஆதலின் சிறு மோட்டாரையும் பாட்டரியையும் இணைத்தார். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அம்மோட்டாரே டைனமோவாக மாறிப் பாட்டரிக்கு இழந்த மின்சாரத்தை மீட்டளித்தது. 1911இன் தொடக்கத்தில் இக்கருவி காடிலாக்கினரிடம் ஓட்டிக் காட்டப்பட்டது. 1912ஆம் ஆண்டு வண்டிகளில் இடம்பெற்றது. அதன்பொருட்டுக் காடிலாக் கம்பெனி லண்டன் ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் டூவர் கோப்பையையும் பெற்றது. கைவலி குன்றியோரும் பிறர் துணையின்றி வண்டியோட்டும் நிலை வந்தது.

எனினும் குளிர் முற்றும் தோற்றிலது. குளிரில் எண்ணெய் இறுகுவதோடு, பாட்டரியினுள் நிகழும் இரசாயன மாற்றமும் தளரும். மிகுந்த வலி வேண்டப்படும் வேளையில் அதன் வலி குன்றும். இக்குறையை நிரப்பினோருள் ஒருவர் வடக்கு டக்கோட்டாவிலுள்ள கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரத்து ஆண்ட்ரூ ஃப்ரீமன். எஞ்சினின் தலைப்பகுதியை இறுக்கும் போல்ட்டுகளுள் ஒன்றை நீக்கி, மின்சாரத்தாற் சூடேறும் போல்ட்டை அவ்விடத்தே பொருத்தும் முறைக்கு அவர் 1949இல் காப்புரிமை பெற்றார். இரவில் வீட்டு மின்சாரத்தோடு அதனை இணைத்துவிட்டால் எஞ்சினைச் சூழ்ந்த நீர் வெதுவெதுப்பாக நிற்கும். காலையில் வண்டி இடரின்றிக் கிளம்பும். இக்காலத்துக் கனடா முதலிய நாடுகளில் வழங்கும் எஞ்சின் சூடேற்றிகளுட் பல, எஞ்சின் பிளாக்கிலேயே பொருந்தி இவ்வேலையைச் செய்கின்றன. ஒருவர் தொடங்கியதை மற்றொருவர் நிறைவித்தல் அறிவுலகின் இயல்பன்றோ?

கெட்டரிங் 1920 முதல் 1947 வரை ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிப் பகுதிக்குத் தலைமை தாங்கினார். 1923இல் வெளிவந்த அவருடைய காற்றாற் குளிரும் எஞ்சின் பெருந்தோல்வியுற்றது. அத்தோல்வியினும் பெரிதாக யாம் கருதுவது பிறிதொன்று. எஞ்சினுள் எழும் தட்டொலியை நீக்க, 1921இல் அவருடைய துணைவர் தாமஸ் மிட்ஜ்லி பெட்ரோலில் ஈயக் கலவை ஒன்றைச் சேர்த்து வெற்றி கண்டார். 1924இல் அதனை ஆக்கிய இடங்களில் தொழிலாளர் சிலர் ஈய நஞ்சால் மாண்டனர். ஆலிஸ் ஹாமில்டன் போன்ற மருத்துவ அறிஞர் எச்சரித்தனர். கெட்டரிங் அதனைக் கைவிட்டிலர். அந்நஞ்சு உலகெங்கும் புகையாய்ப் பரந்து குழந்தைகளின் மூளையைத் தாக்கிற்று. 2021இல் அல்ஜீரியா நிறுத்திய பின்னரே மோட்டார் வண்டிகளுக்கு ஈயப் பெட்ரோல் விற்றல் உலகில் ஓய்ந்தது.

1945இல் புற்றுநோய் ஆராய்ச்சிக்கென ஸ்லோன் கெட்டரிங் நிலையம் நியூயார்க்கில் நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டே அவர்தம் மனைவியார் ஆலிவ் அம்மையார் அந்நோயால் மறைந்தார். கெட்டரிங் 1958 நவம்பர் 25ஆம் நாள் டேட்டனில் உயிர் நீத்தார்.

நன்மையை மட்டும் கூறி இவரைப் புகழ்தலும், தீமையை மட்டும் கூறி இகழ்தலும் நடுநிலைமை ஆகா. தொடங்குதற்கு ஒரு நொடி வலிமை போதும் என்பதைக் கண்ட பேரறிஞர் அவர். தொடங்கியது எங்குச் சென்று முடியும் என நெடிது நோக்குதல் அவ்வலிமையினும் அரிது. அறிவியல் பயிலும் எம்மனோர் இவ்விரண்டையும் அவர் வாழ்விலிருந்து கற்போமாக.