ஆக்டேன் எண்ணும் அதன் உண்மையான விலையும்

கலவை, ஆற்காடு தொடங்கி ஆம்பூர், வாணியம்பாடி வரை நீளும் நமது தோல் தொழில் வட்டாரத்தில் இருசக்கர வாகனம் இல்லாத வீடு அரிது. நெடுஞ்சாலையோரப் பெட்ரோல் நிலையங்கள் பலவற்றில் சாதாரண பெட்ரோலுடன், லிட்டருக்குச் சில ரூபாய் கூடுதல் விலையில் உயர் ஆக்டேன் பெட்ரோலும் விற்கப்படுகிறது. அந்தக் கூடுதல் விலைக்கு ஏற்ற பலன் கிடைக்கிறதா என்ற கேள்வி நூறாண்டுப் பழமை உடையது. அதற்கு விடை தேடுவோர் தாமஸ் மிட்ஜ்லி என்ற அமெரிக்கரின் வாழ்க்கையை அறிந்துகொள்வது நல்லது.

மிட்ஜ்லி 1889-ஆம் ஆண்டு மே 18-ஆம் தேதி பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். அவருடைய தந்தையும் ஒரு கண்டுபிடிப்பாளர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பயின்று 1911-இல் பட்டம் பெற்ற மிட்ஜ்லி, 1916-இல் ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் சார்லஸ் கெட்டரிங்கின் ஆய்வகத்தில் சேர்ந்தார். காரை மின்சாரத்தால் இயக்கித் தொடங்கும் கருவியை உருவாக்கிப் புகழ் பெற்றவர் கெட்டரிங். வேதியியலைப் பட்டப் பாடமாகப் படிக்காத இந்த இளைஞரிடம்தான் அவர் ஒரு வேதியியல் புதிரை ஒப்படைத்தார்.

நமது மெக்கானிக்குகள் இன்றும் நாக்கிங் என்று சொல்லும் கோளாறுதான் அந்தப் புதிர். என்ஜினுக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்து அழுத்தப்படுகின்றன. ஸ்பார்க் பிளக்கின் பொறியில் தொடங்கும் தீ சீராகப் பரவ வேண்டும். அது சென்று சேரும் முன்பே மறுமூலையில் உள்ள கலவை அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் தானாக வெடித்தால், சுத்தியலால் தட்டுவது போன்ற ஓசை எழும். ஆற்றல் வீணாகும், பிஸ்டன் சேதமடையும். அழுத்தத்தைக் கூட்டினால்தான் குறைந்த எரிபொருளில் அதிக வேலை வாங்க முடியும். ஆனால் கூட்டினால் நாக்கிங் வந்துவிடும். அக்கால வாகனத் தொழிலின் முன்னேற்றமே இந்த இடத்தில் முடங்கி நின்றது.

பனிக்கு அடியிலேயே துளிர்க்கும் செவ்விலைச் செடி ஒன்றை எண்ணி, எரிபொருளுக்குச் சிவப்பு நிறம் ஏற்றினால் வெப்பத்தை உள்வாங்கிச் சீராக எரியுமோ என்று ஆய்வகத்தில் ஓர் ஊகம் எழுந்தது. சிவப்புச் சாயம் கைவசம் இல்லாததால் மிட்ஜ்லி அயோடினைக் கலந்தார். நாக்கிங் குறைந்தது. பிறகு வேறு சாயங்களைக் கலந்து பார்த்தபோது பலன் இல்லை. நிறம் காரணமல்ல, அயோடினே காரணம் என்பது விளங்கியது. தவறான ஊகம் சரியான பாதையைத் திறந்துவிட்டது. அதன் பின் தனிம வரிசை அட்டவணையையே வழிகாட்டியாகக் கொண்டு பொருள்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார். 1921 டிசம்பர் 9-ஆம் தேதி டெட்ரா எத்தில் ஈயம் என்ற சேர்மம், மிகச் சிறு அளவிலேயே நாக்கிங்கை அடக்கியது.

அப்போது வேறொரு வழியும் அவர் முன் இருந்தது. எத்தில் ஆல்கஹால், அதாவது இன்று நாம் எத்தனால் என்று அழைக்கும் சாராயம், நாக்கிங்கைத் தடுக்கும் என்பதை மிட்ஜ்லி அறிந்திருந்தார். ஆல்கஹால் கலந்த பெட்ரோலில் கார் ஓட்டியும் காட்டியிருந்தார். ஆனால் ஆல்கஹாலைப் பெருமளவில் கலக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் அதை வடிக்கலாம். ஈயச் சேர்மமோ ஒரு காலனுக்குச் சுமார் 3 மில்லி லிட்டர் போதும். அதன் பயன்பாட்டுக்குக் காப்புரிமையும் பெறலாம். ஈயம் தேர்வானது. விற்பனைப் பெயரில் ஈயம் என்ற சொல் இடம்பெறவில்லை. எத்தில் என்று மட்டும் பெயரிட்டார்கள். 1923 பிப்ரவரி 2-ஆம் தேதி டேட்டனில், சாதாரண பெட்ரோலைவிடக் கூடுதல் விலையில் அதன் விற்பனை தொடங்கியது.

ஈயம் நஞ்சு என்பது பண்டைக்காலம் முதலே தெரிந்த செய்தி. அதே 1923-இன் தொடக்கத்தில் மிட்ஜ்லியே ஈய நச்சால் பாதிக்கப்பட்டு ஓய்வெடுக்க நேர்ந்தது. 1924 அக்டோபரில் நியூ ஜெர்சி ஆலை ஒன்றில் இச்சேர்மத்தைக் கையாண்ட தொழிலாளர்கள் சித்தம் கலங்கினர். ஐந்து பேர் உயிரிழந்தனர். முப்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அம்மாத இறுதியில் செய்தியாளர்களைச் சந்தித்த மிட்ஜ்லி, அத்திரவத்தைக் கையில் ஊற்றித் தேய்த்தும், ஒரு நிமிடம் முகர்ந்தும் அதில் ஆபத்தில்லை என்று காட்ட முயன்றார். ஓராண்டு போல நிறுத்தப்பட்ட விற்பனை, தடை செய்யப் போதிய காரணமில்லை என்று அரசு அமைத்த குழு கூறியதும் 1926-இல் மீண்டும் தொடங்கியது.

அதன் பின் அவருக்கு ஏறுமுகம்தான். 1920-களின் இறுதியில் குளிர்சாதனப் பெட்டிகளுக்காக அவர் குழு உருவாக்கிய குளோரோ புளோரோ கார்பன் வாயுவும் உலகெங்கும் பரவியது. வேதியியல் துறையின் உயரிய பதக்கங்கள் அவரைத் தேடி வந்தன. 1944-இல் அமெரிக்க வேதியியல் கழகத்தின் தலைவரானார். இதற்கிடையே 1940-இல் இளம்பிள்ளை வாதம் அவருடைய கால்களை முடக்கியது. படுக்கையிலிருந்து எழ உதவுவதற்காகக் கயிறும் கப்பியும் கொண்ட ஒரு பொறியைத் தாமே அமைத்துக்கொண்டார். 1944 நவம்பர் 2-ஆம் தேதி, அதே கயிற்றில் கழுத்து இறுகி இறந்து கிடந்தார். வயது 55.

அவர் தந்த நன்மையை மறைப்பது நேர்மையாகாது. திறன்மிக்க என்ஜின்கள் பெருகின. இரண்டாம் உலகப் போரில் உயர் ஆக்டேன் எரிபொருள் நேச நாட்டு விமானங்களுக்கு வலிமை சேர்த்தது. ஆனால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குலைக்கும் ஈயம் உலகின் காற்றிலும் மண்ணிலும் படிந்தது. இந்தியா முழுவதும் ஈயமற்ற பெட்ரோல் வந்தது 2000 பிப்ரவரியில். உலகில் கடைசி நாடாக அல்ஜீரியா 2021-இல்தான் இதைக் கைவிட்டது. அவரது குளிர்சாதன வாயுவோ ஓசோன் படலத்தை அரித்தது; 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தம் அதற்குக் கடிவாளமிட்டது.

பொருளியல் இதைப் புறவிளைவுச் செலவு என்கிறது. விற்பவரும் வாங்குபவரும் ஒப்புக்கொண்ட விலையில் சேராத செலவை, பேரத்தில் இல்லாத மூன்றாமவர் சுமக்கிறார். பாலாற்றங்கரை மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. குரோமியம் தோலை விரைவாகப் பதப்படுத்தியது. அதன் செலவைக் கிணறுகளும் வயல்களும் சுமந்தன. மாசுபடுத்துபவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை உச்சநீதிமன்றம் 1996-இல் நிலைநாட்டியது வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில்தான்.

இனி, பெட்ரோல் நிலையக் கேள்விக்கு வருவோம். ஆக்டேன் எண் எரிபொருளின் ஆற்றலையோ தூய்மையையோ குறிப்பதன்று. நாக்கிங்கை எதிர்க்கும் திறனை மட்டுமே குறிக்கிறது. 91 ஆக்டேனுக்கென வடிவமைத்த வண்டிக்கு 95 ஊற்றினால் கூடுதல் வேகமோ மைலேஜோ பெரிதாக வராது. கணக்கு எளிது: 100 ரூபாய் பெட்ரோலுக்கு 8 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால், லிட்டருக்கு 50 கி.மீ. ஓடும் வண்டி 54 கி.மீ. ஓடியாக வேண்டும். உயர் அழுத்த விகிதம் கொண்ட என்ஜினுக்கு, கையேடு பரிந்துரைத்தால், உயர் ஆக்டேன் அவசியம். பிறருக்கு அது வீண்செலவு.

மிட்ஜ்லி கைவிட்ட ஆல்கஹால் இன்று 20 விழுக்காடு எத்தனாலாக நம் பெட்ரோலுக்குத் திரும்பியிருக்கிறது. அது ஆக்டேனை உயர்த்துகிறது. ஈயத்தைப் போன்ற நஞ்சும் அன்று. ஆனால் லிட்டருக்கு லிட்டர் அதன் ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் பெறச் சுமார் 2,860 லிட்டர் நீர் தேவை என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை மதிப்பிடுகிறது. நீருக்குத் தவிக்கும் நமது மாவட்டங்கள் இக்கணக்கைப் புறக்கணிக்க இயலாது.

வண்டிக்கு எது தேவை என்பதை அதன் கையேடு சொல்லிவிடும். சமூகம் என்ன விலை கொடுக்கிறது என்பதை ரசீது ஒருபோதும் சொல்லாது. அதை அரசும் அறிவியலாளரும் முன்கூட்டியே கணக்கிட்டு மக்கள்முன் வைக்க வேண்டும். ஈயத்தின் கணக்கை முடிக்க உலகுக்கு ஏறத்தாழ நூறாண்டு தேவைப்பட்டது. அடுத்த கணக்குக்கு அத்தனை காலம் காத்திருக்க முடியாது.