கிரேஸ் ஹாப்பர் அம்மையார்

தருமபுரி மாவட்டத்துத் தீர்த்தமலைக் கோயிலுக்குச் செல்வோர் படிகள் பல ஏறுதல் வேண்டும். அப்படிகளுள் ஒன்றில் விளக்கு வைக்குமாறு இருவர் பணிப்பதாகக் கொள்வோம். 8-இன் மடங்கான படியில் வைக்க என்பார் ஒருவர். 16-இன் மடங்கான படியில் வைக்க என்பார் மற்றொருவர். பதினாறாம் படியில் வைத்தால் இருவர் ஆணையும் நிறைவேறும். கணிப்பொறியிலும் இத்தகைய முரண்பாடு தோன்றுவதுண்டு. அதனைத் தீர்ப்பது நிரல்பெயர்ப்பியின் கடமை. மனிதர் எழுதும் கட்டளைகளைப் பொறி உணரும் எண்களாக மாற்றித் தருவதே நிரல்பெயர்ப்பியாகும். அதற்கு வழிவகுத்த முன்னோடிகளுள் ஒருவர் கிரேஸ் ஹாப்பர் அம்மையார்.

அம்மையார் 1906-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9-ஆம் நாள் அமெரிக்காவில் நியூயார்க் நகரிற் பிறந்தார். இளமையிலேயே, கடிகாரம் இயங்கும் வகையை அறிய விரும்பி, வீட்டிலிருந்த கடிகாரங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். 1934-இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். வாசர் கல்லூரியில் ஆசிரியப்பணி ஆற்றினார். இரண்டாம் உலகப்போர் மூண்டபோது கடற்படையிற் சேர விழைந்தார். வயது மிகுதி, உடல் எடை குறைவு என்னும் தடைகள் குறுக்கிட்டன. மனம் தளராது விதிவிலக்குப் பெற்று 1943-இல் சேர்ந்தார். மறு ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து மார்க் 1 கணிப்பொறியில் பணி தொடங்கினார்.

அக்காலத்தில் கட்டளைகளை எண்களாகவே எழுதினர். குறிப்பேட்டிலிருந்து படியெடுக்கும்போது பிழைகள் மலிந்தன. அவ்வேலையைப் பொறியே செய்யலாகாதா என எண்ணிய அம்மையார், 1952-இல் ஏ-0 என்னும் நிரல்பெயர்ப்பியை ஆக்கினார். பொறி கணக்கு மட்டுமே போடும் என்று கூறிப் பலர் அதனை நம்ப மறுத்தனர். அவர் சோர்ந்திலர். 1959-இல் உருவாகத் தொடங்கிய கோபோல் மொழிக்கு அவரது பணியே பேரளவில் அடிப்படையாயிற்று.

ஆயினும், ஒரே மொழிக்கு வெவ்வேறு நிறுவனத்தார் செய்த நிரல்பெயர்ப்பிகள் தம்முள் மாறுபட்டன. 1967-இல் கடற்படை அம்மையாரை மீண்டும் அழைத்தது. நிரல்பெயர்ப்பிகள் எழுதப்பட்ட பொதுவிதிக்கு இணங்குகின்றனவா எனச் சோதிக்கும் பணியை அவர் முன்னின்று நடத்தினார். 1986-இல், தம் 79-ஆம் வயதில், ஓய்வு பெற்றார். 1992 ஜனவரி முதல் நாள் மறைந்தார்.

பொதுவிதி வகுக்கும் நெறி அவருக்குப் பின்னும் தொடர்ந்தது. கணிப்பொறியின் நினைவகம் எண்ணிட்ட அறைகளின் வரிசையாகும். ஒரு தரவு 8-இன் மடங்கான அறையிலும் 16-இன் மடங்கான அறையிலும் தொடங்குக என ஒரே அறிவிப்பில் எழுதப்பட்டால், கடுமையானதையே கொள்ளுமாறு சி மொழியின் 2011-ஆம் ஆண்டுப் பொதுவிதி பணிக்கிறது. 16-இன் மடங்குகள் யாவும் 8-இன் மடங்குகளே அன்றோ! ஆனால், தனித்தனியே பெயர்க்கப்படும் இரு கோப்புகளில் முரணாக எழுதினால், விளைவு யாதென அவ்விதி உறுதி கூறாது. ஒன்றைப் பெயர்க்கும்போது மற்றொன்று நிரல்பெயர்ப்பியின் பார்வைக்கு வருவதில்லை. அவ்விடத்துக் காக்க வேண்டியவர் நிரல் எழுதுபவரே.

பொறிக்கு வேலையைக் கற்பித்தவர் அம்மையார். அவ்வேலை விதிக்கு இணங்குகிறதா எனச் சோதித்தவரும் அவரே. செய்து முடித்ததைச் சரிபார்க்கும் அப்பண்பு மாணவர்க்கும் உரியதாகும்.